பெருங்காயத் தட்டு

வெள்ளாற்றூர் ராஜா ஊர்வலத்துல பாதித் தெரு நடந்த பிறகுதான் குனிஞ்சு பார்த்தார். வலது கால்ல ராஜ பாதுகை. இடது கால்ல யாரோட தேஞ்ச செருப்போ. எல்லாம் சபை வாசல் நெரிசல் செஞ்ச வேலை.

வாசல் செருப்பு அதுவரைக்கும் மந்திரி வில்லவராயர் பொறுப்பு. பேரு, அப்பா பேரு, ஊரு, நட்சத்திரம் எல்லாம் ஓலையில எழுதித்தான் செருப்பை வாங்கி வைப்பார். காலையில மனு கொடுக்க வந்தவன் மறுநாள் சாயங்காலம் உள்ள போவான்.

சபையில மருதவாணன்னு ஒருத்தன். தனக்கு யோசனை ஓடலேன்னா ராஜா அவனைத்தான் கூப்பிடுவார். அன்னிக்கும் கூப்பிட்டார்.

"நான் ஒரு வெத்திலை மென்னு முடிக்கறதுக்குள்ள சபைக்கு வர்ற தொண்ணூறு பேருக்கும் அவனவன் செருப்பு கைக்கு வரணும். வரலேன்னா ஆயுசுக்கும் நீர்தான் வாசல்ல செருப்புக் காவல்."

மருதவாணன் கும்பிட்டுட்டுக் கிளம்பினான். நேரா மடப்பள்ளிக்குப் போனான். அங்க அங்கப்பன்னு ஒரு ஆள். சமைக்கத் தெரியாது, பரிமாறத் தெரியாது. மூடின சட்டியை ஒரு தரம் மோந்தா உள்ள எது தூக்கல்னு சொல்லிடுவார். அதுக்குத்தான் அவருக்குச் சோறு.

"அண்ணே, செருப்பு மோப்பீங்களா?"

"சட்டின்னு நினைச்சுக்கிட்டாப் போச்சு."

வாசல் சுவத்துல முப்பது பலகைத் தட்டு அடிச்சாங்க. தட்டுக்கு ஒரு மளிகைச் சாமான் பேரு. அங்கப்பன் செருப்பை ஒரு மோப்பு. "வெந்தயம்." வெந்தயத் தட்டுக்குப் போயிடும். ஆள் திரும்பி வந்தா காலை ஒரு மோப்பு. அதே வெந்தயம். தட்டுல இருக்கறதே மூணு ஜோடி, தன்னுதை எடுத்துக்க வேண்டியதுதான்.

முதல் நாள் வேலை முடிஞ்சப்போ ராஜா வாயில பாதி வெத்திலை மிச்சம்.

வில்லவராயருக்குப் பொறுக்கல. "இதெல்லாம் ஒரு பூட்டா? கால்ல எதையாவது தேச்சுக்கிட்டா எவனும் எந்தத் தட்டுக்கும் போகலாமே."

மருதவாணன் சொன்னான், "பூட்டுன்னு நான் எங்க சொன்னேன் மந்திரியாரே? சீக்கிரமாத் தேட ஒரு வழி, அவ்வளவுதான். பூட்டு வேணும்னா நீங்க ஓலை எழுதுங்க. நாங்க நாளைக்கு வர்றோம்."

மறுநாள் அங்கப்பன் மூக்கு ஒரே பாட்டைப் பாடுச்சு. பெருங்காயம். பெருங்காயம். பெருங்காயம். அறுபது ஜோடி ஏறினதும் தட்டு படார்னு ஒடைஞ்சுது. கூட்டம் செருப்புக்குள்ள நீந்துச்சு.

ராஜா மென்னு முடிச்சுத் துப்பினார். "மருதவாணா, காவலுக்குத் தடி கொடுக்கச் சொல்லவா?"

"பிரபு, இன்னொரு வெத்திலை போடுங்க. நேத்து பெருங்காயத்துக்கு மூணு பேர்தான் வந்தாங்க. ஒரே ராத்திரியில அறுபது பேருக்குக் கால் மாறாது. யாரோ பூசி விட்டிருக்காங்க. அண்ணே, செருப்பை விடுங்க. சபையில எல்லார் கையையும் மோந்துட்டு வாங்க."

அங்கப்பன் வரிசையாப் போனார். தளபதி, "நல்லெண்ணெய்." ஜோசியர், "மஞ்சள்." வில்லவராயர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டார். அங்கப்பன் குனியக்கூட இல்ல.

"பெருங்காயம்."

சொன்னதோட விட்டாரா? மந்திரியை அப்படியே இடுப்போட தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கு நடந்தார். ராஜா சிரிச்ச சிரிப்புல வெத்திலை சிம்மாசனமெல்லாம் தெறிச்சுது.

வாசல் வரைக்கும் போன அங்கப்பன் திரும்பி வந்தார். மந்திரி இன்னும் தோள்லதான்.

"பிரபு, தட்டு ஒடைஞ்சு கிடக்கு. இவரை எங்க வைக்கிறது?"

"வாசல்லயே வையும்," என்றார் ராஜா. "ஆயுசுக்கும்."