போனுக்குத் தெரிந்த முகம்

முகூர்த்தம் முடியப் போகிறது, ஐயர் மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டாயிற்று, பெண்ணை இன்னும் காணோம். கோவில்பட்டி மண்டபத்தில் மணப்பெண் அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா உலகநாதன்.

"போனைத் திறந்து காட்டும்மா. நீ யார் யாரோட பேசுறேன்னு நான் பாத்தாதான் தாலி!"

பெண்ணின் அப்பா கையைப் பிசைந்தார். மணப்பெண் செண்பகவல்லி போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். திறக்கவில்லை.

"விரலை வை!"

வைத்தாள். நுனிவரை மருதாணி கறுத்துக் கிடந்த விரல் போனுக்குப் பிடிபடவில்லை.

"அப்ப நம்பரைப் போடு!"

"நீங்க போட்ட சத்தத்துல நம்பர் மறந்துபோச்சு மாமா. முகத்தைக் கழுவினா உடனே திறந்துரும். கழுவிட்டு, அப்படியே மேடைக்கு வந்துரட்டுமா?"

பெரியப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொண்ணு கறுப்பு. வீடியோவுல வெள்ளையாத் தெரியணும், நல்லா அப்புங்க" என்று மேக்கப்காரியிடம் காலையில் சொன்னவரே அவர்தான்.

வெளியே மேளம் அவசரப்படுத்தியது.

"போனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்படியே வா தாயி!" என்று வழிவிட்டார்.

அவள் நேரே குழாயடிக்குப் போய் முகத்தைத் தேய்த்துக் கழுவினாள். போனைப் பார்த்தாள்; திறந்தது. மூடி அப்பாவிடம் கொடுத்துவிட்டு மேடைப் பக்கம் நடந்தாள்.

"என் போனுக்குத் தெரிஞ்சது இந்த முகந்தான் மாமா. இனிமே நீங்களும் பழகிக்கோங்க."