சின்ன வீட்டுக்குத் தடை

வேங்கைப்பாடியை ஆண்ட குணமாறனுக்குப் போரும் பிடிக்காது, வேட்டையும் பிடிக்காது. ஊர் அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் கோட்டை மேலே நின்று ஊரைப் பார்த்தார். "பகடைக்காயைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து மன்னருக்குச் சோறு இறங்கவில்லை.

நகர அதிகாரி தண்டராயர் இதற்காகவே காத்திருந்தவர்.

"மன்னா, மக்கள் மனையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். அதுதான் கோளாறு. இனி ஒரு மனை பத்துக் குழி அளவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அரசுக்குச் சேர வேண்டும்."

மன்னர் உடனே சரி என்றார். அரசுக்குச் சேர்ந்த மனையை ஏலத்தில் எடுக்கப்போவது யார் என்பது தண்டராயருக்குத் தெரியும். சாத்தப்பனுக்கும் தெரியும். சாத்தப்பன் அவையில் ஓலை எழுதுகிறவன். அரசர் முகம் வாடினால் சிரிக்க வைப்பதும் அவன் வேலைதான்.

அன்று மாலை பூ வாங்கப் பூக்காரத் தெருவுக்குப் போனான். அங்கே முத்தழகி, காமாயி என்று அக்காவும் தங்கையும். தாய் விட்டுப்போன எட்டுக் குழி மனையில் இரண்டு குடும்பம், ஒரே அடுப்பு. நடுவே ஒரு சுவர் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் முடிவு செய்திருந்தார்கள். அதற்குள் தண்டராயரின் ஆள் அளவுகோலோடு வந்து, பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் இடம் போய்விடும் என்று சொல்லிவிட்டான். தெரு முழுக்க அதே கதி.

"சுவரை எங்கே வைக்கிறது என்று இத்தனை நாள் சண்டை போட்டோம், சாமி. இப்போ சண்டை போடவே இடமில்லாமல் போகுது" என்றாள் முத்தழகி. எப்போதும் எதிர்ப்பேச்சுப் பேசும் காமாயி அன்று தலையை மட்டும் ஆட்டினாள். சாத்தப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் நேராகவே கேட்டுப் பார்த்தான். "மன்னா, பூக்காரத் தெரு மக்கள் எல்லாம் எங்கே போவார்கள்?"

"கோட்டைக்கு வெளியே போகட்டும். நல்ல காற்று" என்றார் மன்னர். "நீ முரசு அறைய வாசகம் எழுது. குழி, கோல் என்று போட்டுக் குழப்பாதே. கேட்ட மாத்திரத்தில் எல்லாருக்கும் புரிய வேண்டும்."

சாத்தப்பன் எழுத்தாணியை எடுத்தான். வாசகத்தை எழுதி, எல்லார் முன்னாலும் படித்தான்.

"இந்நகரில் எவரும் சின்ன வீடு வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் பறிக்கப்படும். இதில் பெரியவர், சிறியவர் என்ற பேதம் இல்லை."

மன்னர் முத்திரை வைத்தார். தண்டராயர் மனத்துக்குள் பூக்காரத் தெருவில் மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் முரசு ஊரைச் சுற்றி வந்தது. சபை கூடியபோது பாதி ஆசனம் காலி. தளபதிக்கு வயிற்றுவலி. பொக்கிஷக்காரர் திடீரென்று தீர்த்த யாத்திரை கிளம்பிவிட்டார். தண்டராயர் மட்டும் கண் சிவந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி வடிவாம்பாள் பின்னாலேயே வந்தாள். அவளோடு ஒரு கூட்டம் பெண்கள்.

"நல்ல சட்டம், மன்னா. எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். தெற்கு மதில் தெரு, பச்சைக் கதவு. கனகவல்லி என்று கேட்டால் காட்டுவார்கள்."

தண்டராயர் எழுந்தார். "அடியே, இது மனை அளவைப் பற்றிய சட்டம். வேறு ஒன்றும் இல்லை."

"அப்படியா? அந்த வீடு எத்தனை குழி?"

"பன்னிரண்டு" என்றார் தண்டராயர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அளவு முதற்கொண்டு தெரிந்திருக்கிறது, பாருங்கள்" என்றாள் வடிவாம்பாள், மற்றப் பெண்களிடம்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து அந்தப்புரத்திலிருந்து ஒரு தோழி வந்து வணங்கினாள். "பட்டத்தரசி கேட்டு வரச் சொன்னார்கள். பேதம் இல்லை என்றால் அரண்மனையும் இதில் சேர்த்திதானா? ஏரிக்கரை மாளிகையை அளக்க ஆள் அனுப்பலாமா?"

மன்னரின் சிரிப்பு பாதியில் நின்றது. மெல்லத் திரும்பி சாத்தப்பனைப் பார்த்தார். சாத்தப்பன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாத்தப்பா, இதற்கு ஒரு வழி சொல். அந்தச் சட்டத்தை எடுத்துவிடலாமா?"

"சின்ன வீடு வைத்துக்கொள்ளலாம் என்று முரசு அறைந்தால் இந்த அம்மாக்கள் நம்மை ஊரில் விட்டுவைக்க மாட்டார்கள், மன்னா."

"பின்னே?"

"மனை எவ்வளவு சிறிதானாலும் குடியிருப்பவருக்கே சொந்தம், நடக்க வழியும் கிணற்றுக்குப் பாதையும் விட்டுப் பிரித்துக்கொள்ளலாம் என்று அறைவோம். வீடு என்ற பேச்சே வேண்டாம்."

"அருமை" என்று முதலில் சொன்னவர் தண்டராயர்தான். ஆனால் வடிவாம்பாள் அவரைச் சும்மா விடவில்லை. அது அவர்கள் வீட்டு விவகாரம்.

பூக்காரத் தெருவில் அக்காவும் தங்கையும் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். நடுவில் ஒரு சன்னல் வைத்தார்கள். இல்லாவிட்டால் சண்டை போட முடியாதாம்.

மன்னர் ஒருநாள் சாத்தப்பனைத் தனியாகக் கூப்பிட்டார். "திருட்டுப்பயலே, என்னையும் சேர்த்துத்தானே மாட்டிவிட்டாய்" என்று வாய்விட்டுச் சிரித்தார். "போகட்டும். அந்த ஜனங்களைத் துரத்தாமல் காப்பாற்றினாய். பூக்காரத் தெருக் கோடியில் உனக்கு ஒரு வீடு தருகிறேன். சின்ன வீடுதான்."

சாத்தப்பன் அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தாராளமாகக் கொடுங்கள், மன்னா. பட்டயத்தில் மட்டும் அதைப் பெரிய வீடு என்றே எழுதிவிடுங்கள். என் மனைவிக்கு வாசிக்கத் தெரியும்."