லாவின் மேல் விழுந்த இரண்டு கோடுகள்

வயலினுக்கான ஓர் இசைத் தாளில் லா என்றொரு நோட்டு, அதாவது சுரக்குறி, இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்து இசைக்குழுவுக்காக பெர்சிஸ் பென்சிலால் கைப்பட எழுதிய தாள் அது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவள் என்று அவளுக்குப் பெயர்.

அப்பேர்ப்பட்ட தாளில், லாவின் தலையிலிருந்து நீளும் காம்பின் குறுக்கே மட்டும் சாய்வாக இரண்டு கோடுகள் விழுந்திருந்தன.

"போச்சு, உன்னை அடிச்சாச்சு!" என்றது பக்கத்து நோட்டு. "தப்பு விடை மேல வாத்தியார் கோடு போடுவாரே, அதேதான்."

பாவம், லா இன்னும் ஒரு தடவைகூட ஒலித்ததில்லை. அதற்குள் வேண்டாததாகிவிட்டோமா என்று விசும்பியது.

"அழாதே. நாங்க உன்கூட இருக்கத்தான் வந்திருக்கோம்" என்றன கோடுகள்.

"மேல ஏறி நின்னுக்கிட்டு, கூட இருக்க வந்தீங்களாக்கும்!" லா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒத்திகை தொடங்கியது. குழுவின் ஒரே வயலின் ஞானசிகாமணி. மெல்லிசை மேடைகளில் காதால் கேட்டே வாசித்துப் பழகிய மனிதர். நோட்டு படிக்கத் தொடங்கி மூன்று மாதம்தான். லாவின் இடம் வந்ததும் வில்லைத் தூக்கிவிட்டார். முன்பல் விழுந்த வாய் மாதிரி பாட்டின் நடுவே ஓட்டை தெரிந்தது. பாடியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"அடிச்சதை எதுக்கு வச்சிருக்கணும்? குழப்பம்தான்" என்று முனகிக்கொண்டு அவர் ரப்பரை எடுத்தார்.

ரப்பர் இளகிய மனசுக்காரி. "கண்ணை மூடிக்கோ கண்ணு, வலிக்காது" என்றாள். லா கண்ணை மூடிக்கொண்டது.

பெர்சிஸ் ஓடிவந்து தாளைப் பறித்தாள். "அண்ணாச்சி, அழிச்சிராதீய!"

"நீதானம்மா அடிச்சுப் போட்டிருக்க?"

"அடிக்கலை அண்ணாச்சி. இந்த நோட்டுல ரெண்டு கோடு போட்டா, அதே நோட்டை விறுவிறுன்னு எட்டு தடவை வாசிக்கணும்னு அர்த்தம். எட்டையும் எழுதினா பாட்டு ஒரு பக்கத்துல அடங்காது. பாட்டு நடுவுல தாளைத் திருப்ப உங்களுக்கு மூணாவது கையா இருக்கு? அதான் ஒண்ணை மட்டும் எழுதி, அதை நம்பி விட்டுட்டேன்."

நம்பி விட்டுட்டேன். அந்தச் சொல் லாவின் வயிற்றில் பாலை வார்த்தது.

ஞானசிகாமணி அசடு வழியச் சிரித்துவிட்டு, தந்தியில் வில்லை வைத்தார். லா ஒலித்தது. மூச்சு விடுவதற்குள் மறுபடி ஒலித்தது. மறுபடி, மறுபடி. எட்டுத் தடவையும் அது தனியாக இல்லை; கோடுகள் இரண்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. பாட்டு நிமிர்ந்து நின்றது.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கோடுகள் பயந்து பயந்து கேட்டன.

லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "இன்னொரு தடவை."