செம்மறியின் கீழிமை

அந்தக் காலத்தில் விடியும் நேரத்தில் கண்மாய்க்கரைப் பட்டியிலிருந்து ஒரு சத்தம் வரும். "மேலுக்கு நல்லாயிருக்கு... மேலுக்கு நல்லாயிருக்கு..." என்று செம்மறிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும் சத்தம். தூரத்தில் மழை இறங்குவதுபோல் கேட்கும்.

ஆடுகள் பேசிய காலம் அது. மேய்க்கிற இருளாயி படலைத் திறந்து, வெளியே வரும் ஒவ்வொன்றையும் நலம் விசாரிப்பாள். சுகமில்லை என்று சொன்னால் மூங்கில் குழாயில் கசப்பு மருந்து. அதனால் எந்தச் செம்மறியும் சொல்லாது. முன்னால் போகும் மயிலை என்ன சொல்கிறதோ, அதையே மற்றவையும் சொல்லும்.

பட்டியில் ஒரே ஒரு வெள்ளாடு, செவலை. குட்டி போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. அதற்குத் தினமும் சாவு. "ஏத்தா இருளாயி, இன்னிக்கு நான் தாங்க மாட்டேன்" என்று புலம்பும். வேப்பங்குழை தின்கிற அதற்கு மருந்தும் ஒரு தீனிதான்.

"நத்தை ஊருற ஈரப்புல்லுல வாய் வைக்காதீங்க. புழு ஈரலுக்குப் போயிரும்" என்று இருளாயி சொல்லியிருந்தாள். சினையாயிருந்த மயிலைக்கு அந்தப் புல்தான் இனித்தது. கொஞ்ச காலத்தில் அதன் தாடைக்குக் கீழே ஒரு பை தொங்கியது.

"அக்காவுக்குச் சதை பிடிச்சிருக்கு! எங்கேக்கா மேஞ்சே?" என்று மற்றச் செம்மறிகள் கேட்டன.

மயிலை மோவாயை ஆட்டிக் காட்டியது. பட்டியே ஈரப்புல்லுக்கு ஓடியது.

செவலை மட்டும், "அடியே, அது சதையில்லடி, தண்ணி. நடக்கையில அலம்புது. இருளாயிகிட்டச் சொல்லு" என்றது.

"உனக்குப் பொறாமை. உன் மோவாயில தாடியை விட்டா வேற என்ன இருக்கு?" என்றது மயிலை.

மறுநாள் இருளாயி கேட்டாள்: "மயிலே, தாடை ஏன் தொங்குது? புள்ளத்தாச்சி, மறைக்காமச் சொல்லு."

மயிலை மூங்கில் குழாயைப் பார்த்தது. வயிற்றுக்குள் குட்டி உதைத்தது.

"மேலுக்கு நல்லாயிருக்கு" என்றது.

இருளாயி நம்பினாள். அன்றைய மருந்தையும் செவலைக்கே ஊற்றினாள்.

குட்டி ஈன்ற அன்று மயிலை எழுந்திருக்கவில்லை. "மேலுக்கு..." என்று தொடங்கியது, முடிக்க மூச்சில்லை. இருளாயி அதன் முகத்தைத் தூக்கியபோது, கட்டைவிரல் பட்டுக் கீழிமை பிரிந்தது. உள்ளே ஒரு சொட்டுச் சிவப்பில்லை. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பதறிப்போய் மற்றவற்றின் இமைகளையும் இழுத்துப் பார்த்தாள். அங்கேயும் வெளுப்புதான்.

"மேலுக்கு நல்லா..." என்று அவை ஆரம்பித்தன. 'மே' வரைதான் வந்தது. குழாய் வாய்க்குள் போய்விட்டது.

"இனிமே உங்க வாய் தின்னவும் மருந்து குடிக்கவும் மட்டுந்தான். கேக்க வேண்டியதை நான் உங்க கண்ணுகிட்டக் கேட்டுக்கறேன்" என்றாள் இருளாயி.

ஒரு தடவையோடு அவள் விடவில்லை. குஞ்சுப்புழு தப்பியிருக்கும் என்று சில வாரம் கழித்து மறுபடி ஊற்றினாள். இமைக்குள் சிவப்புத் திரும்பும்வரை பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். மற்ற ஆடுகள் தேறின.

அன்று முதல்தான் செம்மறிகள் 'மே' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. மேய்ப்பவர்களும் எதுவும் கேட்காமல் அவற்றின் கீழிமையை இழுத்துப் பார்க்கிறார்கள். மருந்து கொடுத்த பிறகும் பார்க்கிறார்கள். வெள்ளாடு மட்டும் தொடுவதற்கு முன்பே அலறுகிறது.

மயிலை பிழைக்கவில்லை. அதன் குட்டி செவலையிடம் பால் குடித்து வளர்ந்தது. அது குடிக்கும்போது மட்டும் செவலை புலம்பவில்லை.