பெரியவனுக்கு வில் தேடிய கதை

ஒரு ஜமீன் வீட்டில் அண்ணன் தம்பியாக இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. ஒரே பட்டறையில் பிறந்து, ஒரே பெட்டியில் கப்பலேறி வந்தவை. பெட்டியைத் திறந்தபோது முதலில் கையில் வந்தவன் பெரியவன், அடுத்து வந்தவன் சின்னவன். அவ்வளவுதான் வித்தியாசம். பெரியவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பெரியவன் கண்ணாடி அலமாரிக்குப் போனான். சின்னவனை மாந்தோப்புக் காவலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் பெரியவனுக்கு வேலை. தேர்த்திருவிழாவன்று குண்டில்லாமல் வெறும் மருந்தை மட்டும் அடைத்து, ஜமீன் வீட்டார் வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுடுவார்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஊரார் வடத்தைத் தொடுவார்கள். தேர் தன் பேச்சைக் கேட்டுத்தான் நகர்கிறது என்று பெரியவன் நெடுநாளாக நம்பிக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் எடுத்து விசையை இழுத்துப் பார்த்தால், மருந்தைத் தட்டி வெடிக்கவைக்கிற குதிரை, தூக்கத்தில் தலை சாய்கிற மாதிரி மெதுவாக விழுந்தது. உள்ளே, குதிரையை உதைத்துத் தள்ளுகிற வில், அதாவது ஸ்பிரிங், ஒடிந்துபோயிருந்தது.

ஜமீன் வீட்டு வள்ளிநாயகி நாச்சியார் அவனைத் துணியில் சுற்றி, துப்பாக்கி பழுது பார்க்கிற மீரான் கனியிடம் கொண்டுவந்தாள்.

"மீரான், வெள்ளிக்கிழமை தேரு. முடியுமா முடியாதா, இப்பவே சொல்லிரும். முடியலேன்னா ஒரு அதிர்வேட்டப் போட்டுட்டு வடத்தப் பிடிக்கச் சொல்லிருவேன். சத்தம்தான வேணும்?"

பெரியவனுக்குக் குழல் முழுக்கக் குளிர்ந்துவிட்டது. ஒரு தடவை வேட்டு உள்ளே நுழைந்துவிட்டால் அடுத்த வருஷம் தன்னை யார் தேடப்போகிறார்கள்?

"அசல் வில்லு கிடைக்காது நாச்சியார். இத செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. வேற எதுலயாவது எடுத்து, அரத்தால ராவித்தான் போடணும்" என்றார் மீரான்.

"எதுலயாவது எடுத்துப் போடும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

எதிலாவதா! பெரியவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

முதலில் வந்தது ஒரு சுவர்க்கடிகாரத்தின் வில். நல்ல குடும்பத்து வில். உள்ளே வந்து உட்கார்ந்ததும் மரியாதையாகக் கேட்டது: "எத்தனை மணிக்கு வேலை ஆரம்பிக்கும்?"

"இது என்ன ஆபீஸா?" என்றான் பெரியவன். "எங்க வம்சத்துல மணி பாத்து வேலை செஞ்சவன் கிடையாது."

மீரான் விசையை இழுத்தார். பெரியவன் மூச்சை இழுத்துப் பிடித்து விறைத்துக்கொண்டான். வில் துள்ளி வெளியே விழுந்தது.

அடுத்தது ஒரு குடையின் வில். கொஞ்சம் வாயாடி. "மழையில நின்னு பழகுன உடம்பு இது. எந்த வேலைன்னாலும் தாங்கும், பாத்துக்கிடுங்க."

"மழையிலயா? எண்ணெயத் தவிர வேற ஈரமே நான் பாத்ததில்ல. நமக்குச் சரிப்படாது."

அதுவும் துள்ளி விழுந்தது.

மீரான் வீட்டுக்குள் போய் எலிப்பொறியை எடுத்துவந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஜைத்தூன் வந்தாள்.

"ஏங்க, அதப் பிரிச்சிட்டா ராத்திரி அரிசிப் பானைக்கு நீங்களா காவலு உக்காரப் போறீங்க?"

"கொஞ்சம் போட்டுப் பாத்துட்டுத் தாரேன்."

"அந்தத் துப்பாக்கி இருக்கற பவுசுக்கு எலிப்பொறிக் கம்பியையா வச்சுக்கிடும்? எங்க சின்னம்மா மகனுக்குப் பொண்ணு பாத்த கதையா இருக்கு. மூக்கு சரியில்ல, முழி சரியில்லன்னே நாப்பது வயசாச்சு."

எலிப்பொறிக் கம்பிக்கோ ஒரே சந்தோஷம். "நீங்களும் சுடுறவுக, நானும் அடிக்கிறவ. நமக்குப் பொருத்தம் பிரமாதம்!"

"எலி அடிக்கிறவளும் நானும் ஒண்ணா?" பெரியவனுக்கு வந்த கோபத்தில் கம்பி பட்டறை மூலைக்கே பறந்தது.

ஜைத்தூன் அதைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாச்சியார் மறுபடியும் வந்தாள். கையில் சின்னவன். "தோப்புல விசை ஒடிஞ்சு கிடந்தான். இவன்ல ஏதாவது உதவுமான்னு பாரும்."

பெரியவனுக்கு நிம்மதி வந்தது. கடைசியில் சொந்தத்திலேயே கிடைத்துவிட்டது! "வாடா தம்பி. உன் வில்லக் கழட்டிக் குடு. எப்படியும் நம்ம வம்சத்து வில்லு."

"வம்சத்து வில்லு எப்பவோ போயிருச்சுண்ணே. இது ரம்பத் தகட்டுல வெட்டுனது. இந்தத் திருகாணி பம்புசெட்டுல இருந்தது. பிடி, தோப்பு வேப்பங்கட்டை. எல்லாம் நல்ல பிள்ளைக. ஒத்துமையா இருக்கோம்."

"சீ! நீ என் தம்பின்னு வெளிய சொல்லிராத."

மீரான் இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாச்சியார் எட்டிப் பார்த்தாள். "சின்னவன் வில்ல எடுத்துப் பெரியவனுக்குப் போட்டா?"

"போடலாம் நாச்சியார். ஆனா இவன் எதப் போட்டாலும் துப்புறான். அவனப் பாருங்க, எத வச்சாலும் ஏத்துக்கிட்டு ஓடிருக்கான். பெரியவன் விசையக் கழட்டிச் சின்னவனுக்குப் போட்டா நாளைக்கே சுட்டுப்புடலாம்."

"அப்ப அதச் செய்யும்."

பெரியவன் பதறிப்போனான். "வேண்டாம், வேண்டாம்! நான் இனிமே துப்ப மாட்டேன்! அந்த எலிப்பொறிக்காரியையே கூப்பிடுங்க!"

அடுக்களைக்குள்ளிருந்து பட்டென்று ஒரு சத்தம். அதன் பின்னால் எலிப்பொறிக் கம்பியின் குரல்: "எனக்குக் கைநிறைய வேலை இருக்கு சாமி. வேற இடம் பாருங்க!"

மீரான் திருகாணியைக் கழற்றினார். நூறு வருஷம் பெரியவனுக்குள்ளேயே இருந்த விசை, சின்னவனுக்குள் இறங்கியது. அங்கே ரம்பத் தகடும் பம்புசெட்டுத் திருகாணியும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. விசை ஒரு நிமிஷம் தயங்கியது.

"ஏன் நிக்கிறீக? உள்ள வாங்க" என்று ரம்பத் தகடு நகர்ந்து இடம் விட்டது. விசை உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலை. பட்டறை மேசையில் பெரியவன் மட்டும் கிடந்தான். தேரடியிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. பிறகு எல்லாச் சத்தமும் அடங்கியது. ஊரே காத்துக்கொண்டிருந்தது. பெரியவனும் காத்துக்கொண்டிருந்தான். வேட்டுச் சத்தமாக இருந்துவிடக் கூடாதே என்று அவனுக்குப் படபடப்பு.

டமார்!

வேட்டில்லை. சாட்சாத் ரிவால்வர் சத்தம். ஓட்டில் இருந்த புறாக்கள் கலைந்து பறந்தன. வடம் முறுகுகிற ஓசையும், சக்கரம் அசைகிற ஓசையும், ஊர்ச்சனத்தின் ஆரவாரமும் ஒன்றாக எழுந்தன.

"என் தம்பிடா! கூடப் பிறந்த தம்பி! விசைகூட என்னோடதாக்கும்!" என்று பெரியவன் கத்தினான்.

கேட்கத்தான் ஆளில்லை. எல்லாரும் தேர் இழுக்கப் போயிருந்தார்கள்.