இன்னும் வரல

தூக்கம் வரலையா குழலி? கரண்டும் வரல, அப்பாவும் வரல, தூக்கம் மட்டும் எப்படி வரும்னு கேக்குறியா? அதுவும் நியாயம்தான். வா, அத்தை மடியில தலை வச்சுக்கோ. அது மழைச் சத்தம்தான், வேற ஒண்ணுமில்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன், தண்ணி வடிஞ்சதும் வந்துடறேன்னு அப்பா போன்ல சொல்லிட்டாரு. அதுவரைக்கும் ஒரு கதை. நடுநடுவுல "ம்" போடணும், சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரி இருந்தா. பேரு அங்காயி. அவகிட்ட நாப்பது வாத்து. வாத்தெல்லாம் பக்பக்பக்னு இடுப்பை ஆட்டிக்கிட்டு முன்னால போகும், கையில ஒரு குச்சியோட இவ பின்னால போவா.

ஊர் பேரு நெடுங்கரை. ஊருக்கு மேக்கால பெரிய ஏரி. ஏரி நிறைஞ்சு போனா மிச்சத் தண்ணி வழியறதுக்கு, கரையில ஒரு இடத்துல மட்டும் கல்லு வச்சுத் தாழ்வா கட்டியிருந்தாங்க. அதுக்குக் கலிங்குன்னு பேரு. கலிங்குல வழியற தண்ணி போறதுக்கு ஒரு அகலமான ஓடை. ஓடைக்கு அந்தாண்ட, தாழ்வான இடத்துல, பள்ளத்தெரு. அறுபது வீடு. அங்காயி வீடும் அங்கதான்.

அந்த ஊர்ல ராஜா கிடையாது. எதுவானாலும் எல்லாரும் கூடிப் பேசி, கை தூக்கித்தான் முடிவு பண்ணுவாங்க. கூட்டம் தொடங்கறதுக்கு முன்னால ஒரு வழக்கம். தமுக்கு அடிக்கிற வீரபத்திரன் டம் டம் டம்னு அடிச்சுட்டு, "எல்லாரும் வந்தாச்சா?"ன்னு மூணு தடவை கேப்பாரு. "வந்தாச்சு"ன்னு ஊரே சொல்லும். யாராவது ஒருத்தர் "இன்னும் வரல"ன்னு சொல்லிட்டா போச்சு. கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போயிடும். ஏன்னா, யார் வீட்டைத் தொடுற பேச்சோ, அவங்க இல்லாம பேசக்கூடாதுங்கிறது அந்த ஊர்ச் சட்டம்.

"அப்போ சும்மா சும்மா வரல வரலன்னு சொல்லலாமா?"

அதெப்படி? ஒரு விஷயத்துக்கு ஒருத்தர் மூணு தடவைதான் சொல்லலாம். யார் வரலைன்னு சொன்னோமோ, அவங்க அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாகணும். வரலைன்னா, சொன்னவங்க வலது கையில சிவப்புக் கயிறு கட்டிடுவாங்க. அந்தக் கையை அப்புறம் ஆயுசுக்கும் தூக்க முடியாது.

"தலை சீவக்கூடவா?"

தலை சீவலாம்டி. கூட்டத்துலதான் தூக்கக்கூடாது. அப்புறம் ஊர் என்ன முடிவு பண்ணினாலும் வாயை மூடிக்கிட்டுப் பாக்கணும்.

அப்புறம் என்னாச்சுன்னா, மழைக்குப் பஞ்சாங்கம் மறந்து போச்சு. ஐப்பசியில கொட்டுற மழை கொட்டாது, வெயில் காயும். மாசியில எங்கேயோ இடி இடிக்கும், ஒரு சொட்டும் விழாது. ஒன்பது வருஷமா கலிங்குல தண்ணியே வழியல. ஓடை காஞ்சு தெரு மாதிரி ஆயிடுச்சு. நடுவுல ஒரு புங்கமரம், அதுக்கு ஜம்முனு நிழல். இவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? ஊர்க்கூட்டத்தையே அந்த ஓடைக்குள்ள போட ஆரம்பிச்சுட்டாங்க!

ஊர்த்தலைவர் பேரு சோலையப்பன். நல்ல மனுஷன்தான். சந்தையில காய் விக்கிறவங்க வெயில்ல கருகுறாங்களேன்னு அவருக்கு ஒரு யோசனை.

"இந்த ஓடை சும்மாத்தானே கிடக்கு? மரத்தை வெட்டிட்டு, குறுக்கால சுவர் எழுப்பி, கூரை போட்டு, சந்தை கட்டிடுவோம்."

எல்லாருக்கும் சந்தோஷம். கீரைக்காரி பூவாயி, "இனிமே என் கீரையும் வாடாது, நானும் வாட மாட்டேன்"னு கை தட்டினா.

அப்போ வீரபத்திரன் எழுந்து நின்னாரு. டம் டம் டம். "எல்லாரும் வந்தாச்சா?" "வந்தாச்சு!" டம் டம் டம். "எல்லாரும் வந்தாச்சா?" "வந்தாச்சு!" டம் டம் டம். "எல்லாரும் வந்தாச்சா?"

"இன்னும் வரல!"

யாருடா அதுன்னு திரும்பிப் பாத்தா, அங்காயி.

"யாரும்மா வரல?"ன்னு தலைவர் கேட்டாரு.

"நாரை வரல தலைவரே. இந்தப் புங்கமரத்துலதான் அதுங்க கூடு கட்டும். மரத்தை வெட்டப் போறோம்னா அதுங்க வரவேண்டாமா?"

கூட்டத்துல ஒருத்தர் சிரிச்சாரு. தலைவர் சிரிக்கல. சட்டம் சட்டம்தானே? அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வச்சாங்க.

ஒரு நாள் ஆச்சு, ரெண்டு நாள் ஆச்சு, நாரையைக் காணோம். வெள்ளிக்கிழமை காலையில வானத்துல சர்ர்ர்னு ஒரு சத்தம். இருபது நாரை வந்து மரத்துல இறங்கிச்சு. அதுல ஒண்ணு, தலைவரோட தலைப்பாகை மேல சொத்துன்னு ஒரு காரியம் பண்ணிச்சு.

"நாரை கருத்துச் சொல்லிடுச்சு தலைவரே"ன்னா பூவாயி.

தலைவர் தலைப்பாகையைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "வந்தாச்சு, பாத்தாச்சு. ஏரிக்கரையில வேற மரமும் இருக்கு. ஆரம்பிக்கலாமா?"ன்னாரு. தமுக்கு அடிச்சாங்க. மூணாவது தடவை கேக்கும்போது மறுபடியும், "இன்னும் வரல!"

"இப்ப யாரு?"

"உங்க பேரப்பிள்ளை."

அப்போ தலைவரோட மகளுக்கு நிறைமாசம். எல்லாரும் அந்தப் பொண்ணைத் திரும்பிப் பாத்தாங்க.

"நீங்க கட்டுற சந்தை நூறு வருஷம் நிக்கும். அதுல நடக்கப் போறது நீங்களா தலைவரே, அந்தப் பிள்ளையா?"

தலைவர் மறுபடியும் அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வச்சாரு. அந்த வாரமே ங்கா ங்கான்னு பொண் குழந்தை பிறந்துது. வெள்ளிக்கிழமை துணியில சுத்திக் கூட்டத்துக்குத் தூக்கிட்டு வந்தாங்க. "சந்தை வேணும்கிறவங்க கை தூக்குங்க"ன்னு தலைவர் விளையாட்டுக்குச் சொன்னாரு. குழந்தை சோம்பல் முறிச்சு ரெண்டு கையையும் தூக்கிச்சு.

"வேணும்னு ஒண்ணு, வேண்டாம்னு ஒண்ணு"ன்னாரு வீரபத்திரன். கூட்டமே விழுந்து விழுந்து சிரிச்சுது. தூங்கிட்டியா?

"ம்... இல்ல. அப்புறம்?"

அப்புறம் மறுபடியும் தமுக்கு. மறுபடியும் அங்காயி, "இன்னும் வரல!"

"அடுத்தது யாரு, உன் வாத்து முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சா?"ன்னு ஒருத்தர் கேலி பண்ணினாரு.

"தண்ணி வரல."

எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. வானம் பளிச்சுன்னு துடைச்சு வச்ச மாதிரி இருந்துது.

"வேண்டாம் அங்காயி"ன்னாரு தலைவர். "ஒன்பது வருஷமா வராத தண்ணி ஏழு நாள்ல வருமா? இது உன் கடைசி வாய்ப்பு. பேச்சை வாபஸ் வாங்கிக்கோ. கை போயிடும்மா."

"இந்த இடத்துக்குப் பேரு என்ன தலைவரே?"

"ஓடை."

"ஓடைன்னா, இதுல ஓடுறது யாரு? நீங்களா, நானா?"

தலைவர் பாயை விட்டு எழுந்தாரு. "சரி. அடுத்த வெள்ளி."

அங்காயி தைரியமா சொல்லிட்டாளே தவிர, வீட்டுக்குப் போய்த் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. முதல் நாள் மேகம் இல்ல. ரெண்டாம் நாள் மேகம் இல்ல. மூணாம் நாள் வெயில் சுள்ளுனு அடிச்சுது. நாலாம் நாள், மேக்கால மலைக்கு அந்தப் பக்கம், கடமுடா கடமுடான்னு ஒரு சத்தம். ஊர்ல ஒரு சொட்டு இல்ல. ஆனா வாத்தெல்லாம் கழுத்தை நீட்டி மலையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அஞ்சாம் நாள் ஏரிக்குள்ள செம்மண் தண்ணி வந்துது. ஆறாம் நாள் பாதி ஏரி. வெள்ளிக்கிழமை விடிஞ்சப்போ, கலிங்குக்கு ஒரு சாண் கீழ நின்னுது தண்ணி. ஒரே ஒரு சாண்!

அங்காயி ஓடி வந்து, "இன்னிக்குக் கரை மேல உக்காருவோமே"ன்னா.

"நிழல் இங்கதானே இருக்கு"ன்னாங்க. ஏரி ததும்பி நிக்குது, இவங்க ஓடைக்குள்ள பாய் விரிச்சு உக்காந்திருக்காங்க!

"ஐயோ! லூசா அவங்க?"

பழக்கம் கண்ணு. ஒன்பது வருஷப் பழக்கம். கைக்குழந்தைக்காரங்களையும் நடக்க முடியாதவங்களையும் மட்டும் அங்காயி கெஞ்சிக் கூத்தாடிக் கரை மேல ஏத்தி உக்கார வச்சா.

தலைவர் கையில சிவப்புக் கயிறு. "தண்ணி ஏரிக்குத்தான் வந்திருக்கு அங்காயி. ஓடைக்கு வரலையே. நான் என்ன செய்வேன்?"

டம் டம் டம். "எல்லாரும் வந்தாச்சா?" "வந்தாச்சு..." பாதிப் பேருதான் சொன்னாங்க. டம் டம் டம். "எல்லாரும் வந்தாச்சா?" நாலு குரல்தான் கேட்டுது. டம் டம் டம். "எல்லாரும்... வந்தாச்சா?"

யாருமே பேசல. அங்காயி கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டினா. தலைவர் கயிறை ஒரு சுத்து சுத்தினாரு. இன்னும் முடிச்சுப் போடல.

பக்பக்பக்பக்பக்!

கலிங்குப் பக்கமிருந்து நாப்பது வாத்தும் ஓடி வருது. அதுங்க பின்னாலேயே சளசளசளன்னு, விரல் கனம்தான், ஒரு தண்ணி. சருகைத் தள்ளிக்கிட்டு வந்து, பாயை நனைச்சு, வீரபத்திரன் பாதத்தைத் தொட்டுச்சு. அவரு குனிஞ்சு பாத்தாரு.

"வந்... வந்தாச்சு!"

ஒரே ஓட்டம்! எல்லாரும் அடிச்சுப் பிடிச்சுக் கரை மேல ஏறினாங்க. தமுக்கை எடுக்க மறந்துட்டாங்க. அது மிதந்துக்கிட்டே போயி, கல்லுல இடிச்சு, டொம் டொம்னு தானா அடிச்சுக்கிட்டுது. கணுக்கால் தண்ணி முழங்கால் ஆச்சு, முழங்கால் இடுப்பாச்சு. ஆனா யார் வீட்டுக்குள்ளேயும் போகல. தன் வழியில தானே ஓடி, அடுத்த ஊர் ஏரிக்குப் போயிடுச்சு.

தலைவர் கரையில நின்னு, தான் சுவர் எழுப்பச் சொன்ன இடத்தைப் பாத்தாரு. தண்ணி அங்க முட்டித் திரும்பியிருந்தா எங்க போயிருக்கும்னு பாத்தாரு. பள்ளத்தெருவுல ஒரு வீட்டு வாசல்ல கோலம்கூட அழியாம இருந்துது. "அப்பாடா"ன்னு தொப்புன்னு உக்காந்துட்டாரு.

"வரும்னு உனக்குத் தெரியுமா அங்காயி?"

"இன்னிக்கு வரும்னு தெரியாது தலைவரே. வரும்னு தெரியும், அவ்வளவுதான்."

தலைவர் அவ கையில சுத்தின கயிறைத் தானே அவிழ்த்தாரு. அப்புறம் அங்கேயே நின்னு ஓட்டு எடுத்தாங்க. சந்தையை மேட்டுல கட்டலாம்னு எல்லாக் கையும் மேல போச்சு. அங்காயி கைதான் முதல்ல போச்சு. "மேடு ஏறினா மூச்சு வாங்கும், ஆனா கீரை மிதக்காது"ன்னா பூவாயி.

அன்னிலேருந்து அந்த ஊர்ல மூணாவது தடவை கேட்டதும் யாரும் உடனே பதில் சொல்றதில்ல. வாய் திறந்து சொல்ல முடியாதவங்க யாராவது பாக்கி இருக்காங்களான்னு கொஞ்ச நேரம் சும்மா காது குடுத்துக் கேப்பாங்க. அப்புறம்தான் சொல்லுவாங்க.

"அத்தை... தண்ணி வந்திருக்கலைன்னா?"

கயிறு விழுந்திருக்கும். சந்தையும் வந்திருக்கும். தண்ணி அப்புறம் என்னிக்காவது வந்து, வீடு வீடா ஏறித் தன் வழியைத் தேடியிருக்கும். நல்லவேளை, கூட்டத்துக்கே வந்துடுச்சு.

ஷ்... கேளு. டுர்ர்ர்... அது நம்ம ஸ்கூட்டர்தானே? வாசல் கேட்டு கிரீச்னு திறக்குது.

"அப்பா!"

ஆமா, அப்பாவேதான். தொப்பலா நனைஞ்சிருக்காரு. அவரு துவட்டிக்கிட்டு வரட்டும், நீ எழுந்திரிக்காதே. குழலி, எல்லாரும் வந்தாச்சா?

"வந்தாச்சு."

எல்லாரும் வந்தாச்சா?

"வந்... ம்..."

எல்லாரும் வந்தாச்சா?

சரி சரி. தூக்கமும் வந்தாச்சு. இனிக் கதை போகட்டும், நீ தூங்கு.