பலாப் பலகையின் ஈரம்

சீடர் கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு தேசிகசாமிக்கு முப்பத்தாறு. சீடரைக் குரு 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, சீடரின் காலில் விழுந்து எழுந்திருப்பதும் உண்டு.

செங்கோட்டையில் முப்பது வருஷம் மரக்கடை வைத்திருந்தவர் கோமதிநாயகம். ஆடிக் காற்றில் சாய்ந்த மடத்துப் பலாமரத்தைக் கனத்த பலகைகளாக அறுத்து, கொட்டகையில் அடுக்கி வைத்ததும் அவர்தான். எட்டு மாதம் கழித்து ஒரு பலகையை எடுத்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

"நல்லா காஞ்சிட்டு சாமி. புஸ்தகம் வச்சுப் படிக்க ஒரு மேசை செஞ்சிரலாம்" என்றார்.

மறுநாள் காலையில் ரம்பத்தைக் கையில் எடுத்தார். வேலை ஓடவில்லை. தம்பி உலகநாதன் பதினோரு மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அப்பாவின் திதிக்குக் கூப்பிட வருகிறானாம்.

அப்பா இறந்தபோது கோமதிநாயகம் மரம் எடுக்கப் புனலூர் போயிருந்தார். தகவல் தெரிந்து அடித்துப் பிடித்து ஓடி வந்தார். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் வைத்து முடித்திருந்தான். இரண்டு மணி நேரம் பொறுக்க முடியவில்லையாம். மழை வரும்போல இருந்ததாம். அன்றைக்கு ஒரு தூறல்கூட விழவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மடத்தில் சேர்ந்த பிறகு ஒருநாள், "அவனை மன்னிச்சுட்டேன் சாமி" என்று குருவின் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார் கோமதிநாயகம்.

இப்போது அவன் வருகிறான் என்றதுமே ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற குருவைப் பார்த்தார்.

"சாமி, நான் தென்காசி வரைக்கும் போயிட்டு வாரேன்."

"என்ன வேலை அண்ணாச்சி?"

"வேலை ஒண்ணும் இல்ல. அவன் போன பொறவு வாரேன்." தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுட்டேன்னு உங்ககிட்ட சொன்னது பொய் சாமி. அவன் பேரைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. குருகிட்டயே பொய் சொன்னவன் இந்த மடத்துல இருக்கலாமா?"

தேசிகசாமி பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதை அறுத்துட்டுப் போங்க."

கோமதிநாயகம் அறுத்தார். முதலில் பொலபொலவென்று தூள் கொட்டியது. ரம்பம் உள்ளே இறங்கியதும் தூள் நசநசத்து அதன் பல்லில் ஒட்டியது. வெட்டின இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. முப்பது வருஷ மரக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"உள்ள ஈரம் சாமி. தட்டிப் பாத்து ஏமாந்துட்டேன்."

"அப்ப மேல காஞ்சிருக்கிறது பொய்யா?"

"அதெப்படிப் பொய்யாகும்? காஞ்சது காஞ்சதுதான். அந்த மட்டுக்கும் ஈரம் போயிருக்கு. உள்ளதுக்கு இன்னும் நாளாகும்."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தார். குரு மரத்தூளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இனி இதை என்ன செய்வீங்க? அடுப்புக்கா?"

"ஐயையோ, அடுப்புக்கு ஏன்? திரும்ப அடுக்கி வைக்கணும்."

"உள்ள பூட்டி வச்சிரலாமா?"

"பூசணம் பிடிச்சிரும்."

"வெயில்ல போட்டா?"

"வெடிச்சிரும் சாமி. நிழல் வேணும், காத்தும் வேணும்."

வெளியே பஸ் நின்று புறப்பட்டது. சிறிது நேரத்தில் மடத்து வாசலில் உலகநாதன் தெரிந்தான். செருப்பைக் கழற்றிவிட்டான், ஆனால் உள்ளே வரவில்லை. துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். கோமதிநாயகம் கடைசியாகப் பார்த்தபோது அவன் தலை கறுப்பாக இருந்தது. இப்போது பாதிக்கு மேல் வெள்ளை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கோபமும் போகவில்லை.

"நான் பின்வாசல் வழியா போயிரட்டுமா சாமி?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. ரெண்டு பலகையும் ஈரமா இருந்தா எப்படி அடுக்குவீங்க?"

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாது. ஒட்டுச்சுன்னா ரெண்டும் கெட்டுப்போகும். காத்துப் போக நடுவுல ஒரு ரீப்பர் துண்டு, மெல்லிசா ஒரு மரச்சட்டம், கொடுக்கணும்."

தேசிகசாமி எழுந்து போய்ப் பாயை எடுத்து வந்து கூடத்தில் விரித்தார். நட்டநடுவில் உட்கார்ந்தார். தன் இடப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"நீங்க இங்க உட்காருங்க அண்ணாச்சி. அவரை அந்தப் பக்கம் வந்து உட்காரச் சொல்லுங்க."